கிப்லா காட்டும் கைப்பேசி





பொன்விழா மேடையில் கைப்பேசியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் தொழுகையோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் பேசுகிறோம்.

முன்பு தொழுகை நேரத்திற்குச் சுவர் நாட்காட்டியைப் பார்த்தோம். இப்போது கைப்பேசியைப் பார்க்கிறோம். பாலத்திற்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று நடத்தும் 'முஸ்லிம் புரோ' செயலியை நம்மில் பலர் அறிவோம். 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற செய்தித்தளம் இதைப் பற்றி எழுதியது. 98 மில்லியன் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்த இச்செயலி, பயனர்களின் இருப்பிட விவரத்தை எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்கு அனுப்பியது. அந்த நிறுவனமோ அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்ததாரர்களுக்குத் தரவுகளை விற்றது என்பதே செய்தி. தாங்கள் இராணுவத்துக்கு நேரடியாக விற்கவில்லை என்று முஸ்லிம் புரோ மறுத்தது. எக்ஸ்-மோடுடன் தொடர்பையும் துண்டித்தது.

இது எப்படி நடக்கிறது? செயலிக்குள் வேறொரு நிறுவனத்தின் சிறு மென்பொருள் இருக்கும். நாம் எங்கே, எத்தனை மணிக்கு இருந்தோம் என்பதை, கைப்பேசியின் விளம்பர அடையாள எண்ணோடு சேர்த்து அது அனுப்பும். அதே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான், ஓரிடத்தில் பார்த்த பொருளின் விளம்பரம் அடுத்த செயலியிலும் நம்மைத் தொடர்கிறது. "அதில் பெயர் இல்லையே" என்பார்கள். இரவில் ஒரு வீடு, சுபுஹுக்கு ஒரு பள்ளிவாசல், விடியுமுன் பாலம், பகலில் சிங்கப்பூரில் ஒரு வேலைத்தலம் என்று தினமும் பதிவானால், ஆள் யாரென்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

இதில் நாம் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொழுகை நேரம் அறிய நம் வீட்டு வாசல் வரை தெரியவேண்டிய தேவையே இல்லை. ஜாக்கிமின் இ-சோலாட் பட்டியலில் ஜொகூர் முழுவதற்கும் நான்கே வட்டாரங்கள். ஜொகூர் பாரு, கூலாய், கோத்தா திங்கி, மெர்சிங் எல்லாம் ஒரே வட்டாரம். கிப்லாவும் இங்கே மேற்கிலிருந்து சற்றே வடக்காக, ஏறக்குறைய 293 பாகை. ஊர்ப் பெயர் ஒன்று போதும். ஊர் போதுமான இடத்தில் வீட்டையே கொடுத்திருக்கிறோம்.

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, சலாம் சொல்லி நுழைவது அன்-நூர் சூரா கற்றுத்தரும் ஒழுக்கம். நாமோ படிக்காமலே 'சம்மதம்' என்று தட்டிவிடுகிறோம்.

ஆகவே இன்றிரவே மூன்று காரியங்கள் செய்வோம். தொழுகைச் செயலிக்கு இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டு, ஊரை நாமே தேர்ந்தெடுப்போம். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழிப்போம். ஐபோனில் செயலிகள் பின்தொடர அனுமதி கேட்பதை நிறுத்துவோம். பெரியவர்களின் கைப்பேசியில் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கட்டும்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சமய நம்பிக்கையை உணர்வுபூர்வமான தரவு என்கிறது. நேரடி விளம்பரத்துக்கு நம் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று ஒரு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் சொல்லும் உரிமையும் அதில் உண்டு. அமெரிக்காவிலும் 2024 ஜனவரியில், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களின் தரவை விற்க எக்ஸ்-மோடுக்குத் தடை வந்தது.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடக் கூடாது. ஒரு காலத்தில் நம் உறுப்பினர் பதிவேடு அலமாரியில் பூட்டியிருந்தது. இன்று அடையாள அட்டை எண்ணோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கல்வி உதவியும் ஸகாத்தும் கேட்டு வரும் குடும்பத்தின் விண்ணப்பத்தைக்கூடப் படமெடுத்து அனுப்புகிறோம். அந்தத் தாய் நம்மிடம் தந்தது அமானிதம். அது இனி எந்தக் குழுவுக்கும் போகாது என்று இந்தப் பொன்விழாவில் உறுதி எடுத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.