சத்தம் இருக்கட்டும்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் புல்லட் வால்வைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, அதில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

குறிஞ்சிப்பாடியில் அப்பாவுக்கு நூல் வியாபாரம். அவர் வைத்திருந்தது திருவொற்றியூரில் தயாரான 350 சி.சி. புல்லட். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. ஓடுகிற காற்றுதான் என்ஜினை ஆற்ற வேண்டும்.

1986. கடைசி வருடப் பரீட்சை நேரம். வண்டியில் டக் டக் என்று டேப்பெட் சத்தம். அப்பா வெளியூர் போயிருந்தார். நானே ஸ்பேனரை எடுத்து, சத்தம் அடங்குகிற வரை இறுக்கிவிட்டேன். வண்டி பூனை மாதிரி ஓடியது. எனக்கு ஒரே பெருமை!

இரண்டு வாரம் கழித்து, பஸ்ஸைத் தவறவிட்ட வணிகவியல் நண்பனை, "ஏறுடா, அரை மணியில கடலூர்" என்று ஏற்றிக்கொண்டேன். எனக்கு அன்று பரீட்சை இல்லை. குள்ளஞ்சாவடி தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. முந்திரித் தோப்பு ஓரம் நின்றே போச்சு. எத்தனை உதைத்தும் கிக்கரில் அழுத்தமே இல்லை. அவன் லாரி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடவில்லை. ஒரு அரியர், கையில் இருந்த வேலையும் போயிற்று.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றி எக்ஸாஸ்ட் வால்வைக் காட்டினார். ஓரம் கரையான் அரித்த ஓலை மாதிரி இருந்தது. "தம்பி, வால்வு போய் சீட்டில உட்கார்ந்தாத்தான் அதோட சூடு இறங்கும். நீ உட்காரவே விடலையே. கருகாம என்ன செய்யும்?" என்றார்.

பிறகு முறையைச் சொல்லிக் கொடுத்தார். ராத்திரி முழுக்க என்ஜின் ஆறணும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் விரல் வைத்து, காற்று தள்ளுகிற சுற்றில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வரணும். புஷ் ராடு விரலால் உருட்டினால் உருளணும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பார்க்கணும். "லேசா சத்தம் வரும். வரட்டும். சத்தம் போடுற வால்வு ஊர் போய்ச் சேரும்."

வெப்பத்தால் பொருள்கள் விரியும் என்று பக்கம் பக்கமாக எழுதிய பௌதிக மாணவன் நான்!

2009க்குப் பின் வந்த சில புல்லட் என்ஜின்களில் ஹைட்ராலிக் டேப்பெட் வந்து, அவற்றில் இந்த வேலையே இல்லாமல் போனது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் உண்டு.

நண்பனிடம் அன்று, "பழைய வண்டிடா, மக்கர் பண்ணிடுச்சு" என்றேன். அவன் நம்பினான். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தையும் நான்தான் அடக்கி வைத்திருந்தேன்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், வண்டி மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. மன்னிச்சுடு.