வகிடு அகலமான கதை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தேன், அப்போதுகூட பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தது கிடையாது. கறவை மாடு வாங்கினேன், தையல் மிஷின் போட்டேன், வருமானம் வந்தது என்று பேசுகிறவர்களைத்தான் இங்கே கூப்பிடுவார்கள். நான் பேசப் போவது தலைமுடியைப் பற்றி. சிரித்தாலும் பரவாயில்லை, முழுசாகக் கேளுங்கள்.

எனக்கு இப்போது 38 வயசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தலை சீவினால் சீப்பில் கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. நம்ம ஊர்ப் பக்கம் உதிர்ந்த முடிக்குச் சாமான் கொடுக்கிறவர் வருவாரே, உங்களுக்கே தெரியும். நாமும் சீப்பு முடியைச் சுருட்டி ஓட்டு இடுக்கில் சொருகி வைத்திருப்போம். முன்னெல்லாம் எனக்கு ஊக்கு, ஹேர்பின்தான் கிடைக்கும். அந்தத் தடவை அவர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். "வீட்ல எத்தனை பொம்பளைங்கம்மா?" என்று கேட்டார். என் அத்தை போன வருஷம்தான் பழனியில் மொட்டை போட்டிருந்தார். மகள் ஹாஸ்டலில். அந்த முடி மொத்தமும் என் ஒருத்தியுடையது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதேன்.

முன் நெற்றியில் முடி அப்படியேதான் இருந்தது. வகிடுதான் அகலமாகிக்கொண்டே போனது. குங்குமம் வைக்கிற இடம் ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. உச்சி வெயிலில் நின்றால் மண்டை சுடும். கல்யாண வீட்டில் பூ கொடுத்தால், "தலைவலிங்க்கா, வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். பூ நிற்காது, அதுதான் காரணம். வீட்டில் சொன்னால், "இந்த வயசுல யாருக்குக் காட்ட உனக்கு முடி?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு முன் வழுக்கை வந்தபோது மட்டும் ஊரிலுள்ள எண்ணெய் எல்லாம் வாங்கித் தடவினார். அதை அப்போது சொல்லிக்காட்ட எனக்கு வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

கரிசலாங்கண்ணி காய்ச்சினேன், செம்பருத்தி அரைத்தேன், சின்ன வெங்காயச் சாறு தேய்த்துப் பக்கத்தில் யாரும் உட்கார முடியாமல் செய்தேன். கோயிலில் பூமுடி கொடுத்தேன். டிவியில் காட்டுகிற எண்ணெய் ரெண்டு பாட்டில். எதிலும் கொட்டுவது நிற்கவில்லை.

அப்புறம்தான் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஒரு தடவைக்கு 3,500 ரூபாய், ஆறு தடவை வரணும் என்றார்கள். நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கிற நீரை மட்டும் எடுத்துத் தலையில் ஊசியாகப் போடுவார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? சங்கத்தில் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். தீர்மான நோட்டில் காரணம் எழுதணுமே. "வெள்ளாடு வாங்க" என்று சொன்னேன். ஊக்குநர் அக்காவும் அப்படியே எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுமாசமே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "எங்கம்மா ஆடு?" என்று கேட்டார்கள். "எங்கம்மா வீட்ல மேயுதுங்க்கா" என்றேன். அதுக்கு அடுத்த மாசம், "குட்டி போட்டுச்சா?" ஆமாம், ரெண்டு என்றேன். இல்லாத ஆட்டுக்குக் குட்டியும் போட வைத்துவிட்டேன். இங்கே நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. பன்னிரண்டு பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது.

நாலு தடவை ஊசி போட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாள் அங்கன்வாடிக்குச் சத்துமாவு வாங்கப் போனபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். தடுப்பூசி போட வந்திருந்த நர்சம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். அடுத்து அவர்கள் கேட்டது, "தூரம் வந்தா எத்தனை நாள் இருக்கும்? எத்தனை துணி மாத்துறே?"

அதை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு நாள், ஒன்பது நாள் போகும். கட்டி கட்டியாகப் போகும். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து மாற்றுவேன். வயசானால் இப்படித்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் அப்படியேதான் நினைத்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 7.6. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "நடந்தா வந்தே?" என்று கேட்டார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. சின்னதுதான், கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம், முதலில் போக்கைக் குறைக்க மாத்திரையில் பார்க்கலாம் என்றார்கள். இரும்புச் சத்தை டிரிப்பில் ஏற்றினார்கள். தைராய்டும் பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டுமாம், அதனால் அதையும் பார்த்தே ஆகணும் என்றார்கள்.

அப்போதுதான் கிளினிக் ஊசியைப் பற்றிச் சொன்னேன். அந்த ஊசி பொய் வைத்தியம் இல்லை, ஆனால் முதலில் ரத்தத்தைச் சோதித்திருக்க வேண்டும் என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார்கள். எனக்கு ஒன்றுதான் மனசில் ஓடியது. ரத்தமே இல்லாதவளிடமிருந்து நாலு தடவை ரத்தம் எடுத்திருக்கிறார்கள், 14,000 ரூபாயும் வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட என் கண் இமையை இழுத்துப் பார்க்கவில்லை.

நம்ம நாட்டில் 15 வயசிலிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இதுவும் நர்சம்மா சொன்னதுதான். இந்தப் பந்தலில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

டிரிப் முடிந்து மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் உடம்பில் நன்றாகப் பிடிக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். நான் முன்னாடி ஒரு தடவை அதைப் பார்த்துப் பயந்துதான் மாத்திரையைக் கோழிக்குழியில் கொட்டினேன். அளவு சரியான பிறகும் சில மாசம் தொடர்ந்து போடணும், உடம்பில் இருப்பு சேரணுமாம். நம்ம சங்கச் சேமிப்பு மாதிரிதான் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குச் சட்டென்று புரிந்தது.

நாலஞ்சு மாசத்தில் கொத்தாகக் கொட்டுவது நின்றது. ஆனால் வகிடு மூடவில்லை. உண்மையைச் சொல்லணும் இல்லையா. தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் தலையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, உனக்கு ரெண்டு கோளாறு சேர்ந்து இருக்கிறது என்றார். ரத்தம் குறைந்து கொட்டியது ஒன்று, அது திரும்பி வரும். இன்னொன்று வம்சாவழியாக வருவது, வகிட்டுப் பக்கம் முடி மெலிந்துகொண்டே போவது. எங்கம்மாவுக்கும் நாற்பதில் அப்படித்தான் ஆனது, பாவம், சாகிறவரைக்கும் சவுரி வைத்தே பின்னினார்.

அதற்கு மினாக்சிடில் என்று ஒரு தண்ணி மருந்து எழுதிக் கொடுத்தார். முதலில் அது ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையாம். சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவுகிற மருந்தாக மாற்றினார்களாம். முடியில் தடவக் கூடாது, தோலில் படணும். முகத்தில் வழிந்தால் அங்கேயும் முடி வரும். கர்ப்பமாக இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் தொடக் கூடாது. முதல் சில வாரம் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. அது தானாக நின்றுவிடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்தேன், இல்லாவிட்டால் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆறு மாசத்துக்கு அப்புறம் வகிட்டு ஓரத்தில் பூனை முடி மாதிரி முளைத்தது. விட்டால் மறுபடியும் போய்விடும், தொடர்ந்து தடவணும். மாசம் 400 ரூபாய்க்குள் ஆகிறது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றுகிறது, தடவுகிறேன். வேண்டாம் என்று இருக்கிறவர்கள் இருக்கலாம், தப்பில்லை. முழுத் தலையும் நிறைந்துவிடும் என்று யாராவது பணம் கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆட்டுக் கதைக்கு வருகிறேன். டிரிப் ஏற்றிக்கொண்டு வந்த அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊக்குநர் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த ரெண்டு குட்டிக்கும் நான் மனசுக்குள்ள பேரே வச்சிட்டேன்டி" என்றார்கள். சில பேருக்குக் கோபம்தான். நோட்டில் பொய் எழுத வைத்தது தப்பு என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நியாயம்தான், கேட்டுக்கொண்டேன். கடனைப் பாக்கி இல்லாமல் கட்டிவிட்டேன். அந்தப் பக்கத்தில் "வெள்ளாடு" என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, "மருத்துவச் செலவு, முடி உதிர்தல்" என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா என்னை ஓரமாக அழைத்துப்போய்க் கொண்டையை அவிழ்த்துக் காட்டினார்கள். அடுத்த வாரம் இன்னொருத்தர். பன்னிரண்டு பேரில் மூணு பேர் சவுரி வைத்திருக்கிறோம், பத்து வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கட்டுகிறோம், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது.

போன மாசம் முடி வாங்குறவர் வந்தார். ஓட்டு இடுக்கில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நாலு ஊக்கு கொடுத்தார்.

வருகிற புதன்கிழமை எங்கள் குழுவில் ஆறு பேர் ரத்தம் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காலை 8 மணி பஸ். தூரம் அதிகமாகப் போகிறவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், முடி கொட்டுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். ஆதார் அட்டை எடுத்து வாருங்கள், முன்னாடி பார்த்த சீட்டு இருந்தால் அதையும். நான் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன்.