வாக்கு வேறு, வாசல் வேறு

(குடியரசு தினத்தன்று நம் சங்கக் கூடத்தில், ஓய்வுபெற்ற வழக்கறிஞரான நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)

கொடி ஏற்றியாயிற்று, இனிப்பும் சாப்பிட்டாயிற்று. அடுத்து குழந்தைகளின் நடனம் இருக்கிறது. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

போன மாதம் பள்ளியில் படிக்கும் என் பேரன் ஒரு சட்டச் சந்தேகத்தோடு வந்தான். "தாத்தா, எங்க நாட்டுல குடியுரிமை இல்லாத ஒருத்தர் கோர்ட்டுக்கு வரலாமா?" என்றான். எந்த நாடு என்று கேட்டேன். டிஸ்கார்டில் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் நாடாம். அரசியல் சட்டம், தேர்தல், மந்திரிசபை எல்லாம் உண்டு. இவன் அங்கே நீதிபதி!

சிரிக்காதீர்கள். இணையத்தில் விளையாட்டாக அரசு நடத்துவது நேற்று வந்த பழக்கம் அல்ல. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002-இல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸ் விளையாட்டு இன்றும் நடக்கிறது. அதில் ஆளுக்கொரு நாடு. பல நாடுகள் சேர்ந்தது ஒரு வட்டாரம். சில வட்டாரங்கள் தங்களுக்கென்று சட்டமும் நீதிமன்றமும் வைத்திருக்கின்றன.

பேரனிடம் வந்த வழக்கு இதுதான். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மந்திரி ஒருவர் காரணம் எதுவும் சொல்லாமல் அவனை வெளியேற்றிவிட்டார். அவன் நீதிபதிக்குத் தனிச்செய்தியில் மனு அனுப்பினான். "இவர் குடிமகனே இல்லை, மனுவைப் படிக்கவே வேண்டாம்" என்பது அரசு வக்கீலின் வாதம்.

நான் அலமாரியிலிருந்து நம் அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். பேச்சுரிமை முதலானவற்றைத் தரும் 19-ஆவது பிரிவு 'குடிமக்கள்' என்று சொல்கிறது. அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் 16-ஆவது பிரிவும் அப்படியே. ஆனால் சட்டத்தின் முன் சமம் என்னும் 14-ஆவது பிரிவிலும், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவிலும் 'நபர்' என்றுதான் இருக்கிறது. எழுதியவர்கள் தெரிந்தேதான் இரண்டு சொற்களை வைத்தார்கள்.

அந்த வேறுபாட்டுக்கு என்ன மதிப்பு என்பது 2000-ஆம் ஆண்டு ரயில்வே வாரியத் தலைவர் எதிர் சந்திரிமா தாஸ் வழக்கில் தெரிந்தது. வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு பெண் ஹவுரா ரயில் நிலையத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதில் ரயில்வே ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்தது. அவருக்காக கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனவர் ஒரு பெண் வழக்கறிஞர். அந்தப் பெண் இந்தியக் குடிமகள் அல்ல, ஆகவே இந்த வழியில் இழப்பீடு கேட்க முடியாது என்று ரயில்வே தரப்பு உச்சநீதிமன்றத்தில் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் மண்ணில் இருக்கும் எவருக்கும் 21-ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, பத்து லட்ச ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.

பேரன் விடவில்லை. "அப்ப குடியுரிமைக்கு என்னதான் அர்த்தம் தாத்தா?" என்றான்.

வாக்கு போடுவது, பதவிக்கு நிற்பது, சட்டம் இயற்றுவது இவையெல்லாம் குடிமக்களுக்கு இருக்கட்டும். அந்த நாட்டைச் சுமப்பவர்கள் அவர்கள்தான். நீதிமன்ற வாசல் அப்படிப்பட்டது அல்ல. அதிகாரம் வைத்திருப்பவர் வரம்பு மீறினாரா என்று பார்க்கத்தான் நீதிமன்றம். எவர் மீது அதிகாரம் செல்லுமோ, அவருக்கு அந்த வாசலும் திறந்திருக்க வேண்டும். உத்தரவு மட்டும் அவன் மேல் பாயும், கேள்வி கேட்க மட்டும் அவனுக்கு வழியில்லை என்றால் அது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொன்னேன். நாளைக்கு அதே மந்திரி உன் குடியுரிமையையே ரத்து செய்தால் என்ன செய்வாய்? "நான் குடிமகன்தான்" என்று நீ கோர்ட்டுக்குப் போனால், "குடிமகன் அல்லாதவர் வழக்குப் போட முடியாது" என்று அதே வக்கீல் சொல்வார். நீ குடிமகனா இல்லையா என்பதுதானே வழக்கே! வெளியாளுக்கு மூடும் கதவு ஒருநாள் உள்ளே இருப்பவனுக்கும் மூடிக்கொள்ளும்.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இணையத்தில் ஒரே ஆள் பத்துப் பெயரில் வரலாம், வெட்டி மனுக்களாகக் குவிக்கலாம். அதற்கு ஆளைச் சரிபார்க்கலாம். ஒரு விஷயத்துக்கு ஒரே மனு என்று விதி வைக்கலாம். சாரமில்லாத மனுவை முதல் நாளே தள்ளுபடி செய்யலாம். வாசலில் காவல் வைப்பது வேறு, வாசலையே சுவர் வைத்து அடைப்பது வேறு.

பேரன் மனுவை எடுத்து விசாரித்தான். முடிவில் அந்தப் பையன் தோற்றுப்போனான்! எல்லோருக்கும் விளம்பரச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தது அவன்தான் என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஆனாலும் காரணத்தை எழுத்தில் சொல்லாமல் இனி யாரையும் வெளியேற்றக் கூடாது என்று மந்திரிக்கும் உத்தரவு போனது. வாசல் திறந்தால் வெளியாள் ஜெயித்துவிடுவான் என்ற பயம் தேவையில்லை. கேட்கப்படுவான், அவ்வளவுதான்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். நம் சங்கத்தின் துணைவிதிப்படி, குறைதீர்க்கும் குழுவிடம் 'உறுப்பினர்' மட்டுமே புகார் கொடுக்கலாம். உறுப்பினர் என்றால் வீட்டின் உரிமையாளர். போன வருடம் என் எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு, வண்டியை மாற்றி நிறுத்தியதாக அபராதம் போட்டோம். அது தங்கள் வண்டியே இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். "ஓனர் மூலமா வாங்க" என்று திருப்பி அனுப்பினோம். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார். அப்போது குழுவில் நானும் இருந்தேன். பேரனுக்குப் பாடம் நடத்தும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

அபராதம் போடும்போது அவர்கள் நம்மவர்கள், பதில் சொல்லும்போது மட்டும் வெளியாட்களா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும் காவலாளிகளும் நம் விதிகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அவர்களுக்கும் இதே நிலைதான்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். வாக்குரிமை இப்போது இருப்பதுபோலவே உரிமையாளர்களிடம் இருக்கட்டும். ஆனால் இங்கே குடியிருக்கும், வேலை செய்யும் யாரும் புகார் கொடுக்கலாம். அபராதத்துக்கு முன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டு நாட்டில் செய்ததை நாம் நிஜ வீட்டில் செய்ய முடியாதா? கையெழுத்துத் தாள் வாசலில் மேஜை மேல் இருக்கிறது. போகும்போது படித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.