இல்லத்தில் நிகழும் வன்முறையும் முதலில் கேட்பவரின் கடமையும்

(மாவட்ட நல அலுவலர்களும் சமூகப் பணி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாட்டு வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்கிறோம். குடும்ப அட்டை, குடும்ப வருமானம், குடும்ப நலம் என்று எல்லாவற்றையும் அந்த அலகைக் கொண்டே அளக்கிறோம். வீட்டு வாசல்வரை அரிசியும் பணமும் மருந்தும் சென்று சேர்ந்துவிட்டால், உள்ளே இருப்பவர்கள் அவற்றை எவ்வாறோ பகிர்ந்துகொள்வார்கள் என்பது நம் திட்டங்களின் சொல்லப்படாத அடிப்படை. அந்த அடிப்படை எத்தனையோ வீடுகளில் உண்மையன்று. சமைத்தவளுக்கே சோறு மறுக்கப்படும் வீடு உண்டு. கூலியைப் பறிகொடுத்துவிட்டு அடியும் வாங்குகிற பெண் உண்டு. இவ்வீடுகளும் நம் கணக்கில் ஓர் அலகுதான்.

இவை எங்கோ ஒன்றிரண்டு நிகழ்வுகள் என்று கருதுவோர் தேசியக் குடும்ப நல ஆய்வின் முடிவுகளைப் பார்க்க வேண்டும். 2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஒருமுறையேனும் உள்ளாகியுள்ளனர். 2015–16ஆம் ஆண்டு ஆய்வில் இது 31 விழுக்காடாக இருந்தது. கர்நாடகத்தில் 44 விழுக்காடு, பீகாரில் 40 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38 விழுக்காடு என்பது ஐந்தாவது ஆய்வு கண்ட நிலை. கல்வியிலும் தொழிலிலும் முன்னேறிய மாநிலங்கள் என்ற பெருமை இவ்விஷயத்தில் நம்மைக் காப்பாற்றவில்லை.

இவ்வெண்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன என்பதையும் இங்கே கூற வேண்டும். வன்முறை பற்றிய வினாக்கள் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில் கேட்கப்படுகின்றன. தனிமை கிடைக்காவிட்டால் அவ்வினாக்களைக் கேட்கவே கூடாது என்பது விதி. மாமியாரோ கணவரோ வந்துவிட்டால் பேச்சு நிறுத்தப்படுகிறது. ஒரு கணக்கெடுப்புக்கே இத்தனை எச்சரிக்கை தேவைப்படுகிறது. நம் அலுவலகங்களிலோ பத்துப் பேர் நிற்கும் கூடத்தில், மேசைக்கு எதிரே நிற்க வைத்து, “என்னம்மா, என்ன பிரச்சினை?” என்று உரத்த குரலில் கேட்கிறோம். பிறகு அவள் தெளிவாகச் சொல்லவில்லை என்று குறைப்படுகிறோம்.

இதே ஆய்வு மற்றோர் எண்ணையும் தருகிறது. இன்று நான் முதன்மையாகக் கருதுவது அதனையே. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ உள்ளான பெண்களுள் எவரிடமேனும் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் சென்றது பிறந்த வீட்டாரிடம். காவல் நிலையத்திற்கோ மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ சென்றவர்கள் மிகச் சிலர். ஆகவே உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்கும் ஒரு பெண், பெரும்பாலும் பெற்றோரிடம் சொல்லிப் பார்த்து, உறவினர் சமாதானம் செய்து அனுப்பி, மீண்டும் அடிபட்டு, கடைசியாக வந்தவள். அவளுக்கு நீங்கள் அளிக்கும் முதல் மறுமொழியைப் பொறுத்தே சட்டம் அவளளவில் உயிர் பெறுகிறது.

சட்டத்தின் வரலாற்றைச் சற்றே காண்போம். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் 498-அ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983இல் சேர்க்கப்பட்டது. வரதட்சிணை மரணம் பற்றிய 304-ஆ பிரிவு 1986இல் சேர்ந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 85, 86 ஆகிய பிரிவுகளாகவும் 80ஆம் பிரிவாகவும் இடம்பெற்றுள்ளன. இவை யாவும் குற்றவியல் விதிகள். பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய அல்லது கடுங்காயம் விளைவிக்கக்கூடிய நடத்தை, பொருள் கேட்டுத் துன்புறுத்துதல் ஆகியவற்றையே அக்கொடுமைப் பிரிவு குறித்தது. அடிபட்ட பெண் கேட்பதோ பெரும்பாலும் வேறு. கணவன் சிறை செல்ல வேண்டும் என்பதைவிட, இன்றிரவு அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியே தள்ளக் கூடாது, குழந்தைக்குப் பால் வாங்கப் பணம் வேண்டும் என்பவையே அவள் வேண்டுகோள்கள். அவற்றுக்கு விரைந்து ஆணையிட 2005க்கு முன் ஒரு தனி வழி இல்லை.

இக்குறையை நீக்கப் பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் பல்லாண்டுகள் முயன்றனர். 2002இல் அரசு ஒரு மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தது. அதன் வாசகத்தைச் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்பேன். ‘வழக்கமாக’ அடிப்பதே வன்முறை என்று அது கூறிற்று. எத்தனை அடி விழுந்தால் வழக்கம் ஆகும்? மாதம் ஒன்றா, வாரம் ஒன்றா? தன்னையோ தன் சொத்தையோ, பிறர் சொத்தையோ காத்துக்கொள்ள நியாயமான அளவில் செய்த செயல் வன்முறை ஆகாது என்ற விலக்கும் அதில் இருந்தது. வீட்டிலிருந்து தன் நகையை எடுத்துச் செல்ல முயலும் பெண்ணின் கையை முறித்தவனும் இவ்விலக்கின்கீழ் ஒதுங்கலாம் அன்றோ? கடும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்தது. 2004இல் மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதா காலாவதியாயிற்று. அவ்வாறு ஆனது நன்று என்பது என் கருத்து.

அதன்பின் உருவான குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் செயலுக்கு வந்தது. ‘வழக்கமாக’ என்ற சொல் அதில் இல்லை. ஒரே ஒரு செயலும் வன்முறை ஆகலாம். உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் இழைக்கும் வன்முறை, பொருளாதார வன்முறை என்று அது நான்கு வகை கூறுகிறது.

நான்காவது வகையில் சற்று நிற்க விரும்புகிறேன். அலுவலர்கள் எளிதில் கடந்து போவது அதனையே. உணவுக்கும் உடைக்கும் மருந்துக்கும் பணம் தர மறுத்தல், அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளுதல், வேலைக்குச் செல்லவிடாது தடுத்தல், சீதனப் பொருளை அவளறியாது விற்றல், அவளுக்கு உரிமையுள்ள வீட்டறையைப் பூட்டிவிடுதல் ஆகிய அனைத்தும் சட்டத்தின் நோக்கில் வன்முறையே. காயம் எங்கே என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பட்டினிக்குக் காயம் இராது. நீரிழிவு நோயுள்ள ஒரு தாய்க்கு மகன் மருந்து வாங்கித் தராமல் விட்டால் அக்கம்பக்கத்தார் அதை ‘அலட்சியம்’ என்பார்கள். இச்சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதன்று. தாய், சகோதரி, விதவை மருமகள் ஆகியோருக்கும் உரியது. முதியோர்க்கென 2007இல் வந்த பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது; அதன் தீர்ப்பாயம் கோட்ட அளவிலேயே உள்ளது.

நீதிமன்றங்களும் இச்சட்டத்தை விரித்துப் பொருள் கொண்டுள்ளன. வயது வந்த ஆண்மீது மட்டுமே மனுச் செய்ய இயலும் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கியது. கணவனின் பெற்றோர் பெயரில் உள்ள வீடு, கணவன் மனைவி சேர்ந்து வாழும் இல்லம் ஆகாது என்று 2006இல் கூறிய தீர்ப்பை, 2020இல் மூவர் அமர்வு தவறு என்று அறிவித்தது. “வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, நீ வெளியேறு” என்று கூறப்பட்ட எண்ணற்ற பெண்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் அச்செய்தியை அவர்களிடம் கொண்டு சேர்ப்பவர் யார்?

சட்டமே அதற்கு விடை கூறுகிறது. புகாரைப் பெறும் காவலர், பாதுகாப்பு அலுவலர், சேவை வழங்குநர், நடுவர் ஆகியோர் அப்பெண்ணுக்கு அவளுடைய உரிமைகளை எடுத்துரைக்க வேண்டும் என்பது 5ஆம் பிரிவு விதிக்கும் கடமை. பாதுகாப்பு ஆணை கோரலாம், இலவசச் சட்ட உதவி பெறலாம், குற்றவியல் புகாரும் தரலாம் என்று சொல்லியாக வேண்டும். பிறந்த வீட்டிற்கு வந்து தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அவ்வூர் நடுவரிடமே மனுச் செய்யலாம் என்பதையும் கூறுங்கள். இது பலருக்குத் தெரியாது. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாட்களுக்குள் அமைய வேண்டும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும். நடைமுறையில் இக்கால அளவு பல இடங்களில் காக்கப்படுவதில்லை என்பதை மறைப்பதற்கில்லை. பாதுகாப்பு ஆணையை மீறுவோருக்கு ஓராண்டுவரை சிறையோ 20,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நடுவர் இட்ட கடமையைத் தக்க காரணமின்றிச் செய்யத் தவறும் பாதுகாப்பு அலுவலருக்கும் சட்டத்தில் அதே அளவு தண்டனை உண்டு. இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பாதுகாப்பு அலுவலரின் வேலையைச் சட்டம் எவ்வளவு கருத்தாக எண்ணியது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

அவ்வளவு கருத்தாக மாநிலங்கள் எண்ணினவா என்பது வேறு கேள்வி. பல இடங்களில் ஏற்கெனவே அங்கன்வாடிப் பொறுப்பும் பிற நலத்திட்டங்களும் சுமந்து நிற்கும் ஓர் அலுவலருக்கே இது கூடுதல் பொறுப்பாகத் தரப்பட்டது. ஊர்தியோ எழுத்தரோ இராது. சட்டம் வந்து 19 ஆண்டுகளுக்குப் பின்னரும், பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்தாத இடங்களில் மாவட்ட, வட்ட அளவுகளில் அமர்த்தி முடிக்குமாறு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

முதலில் கேட்பவர் தக்கவராக இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு மும்பையில் இரு சான்றுகள் உள்ளன. டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984இல் நகரக் காவல் துறைக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. காக்கி உடை அணியாத, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் காவல் நிலைய வளாகத்திலேயே அமர்ந்து பெண்களின் பேச்சைக் கேட்டார். காவல் துறையின் அதிகாரமும் சமூகப் பணியாளரின் பொறுமையும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. 2000ஆம் ஆண்டில் பாந்திராவிலுள்ள நகராட்சி மருத்துவமனையொன்றில், ‘ஆறுதல்’ எனப் பொருள்படும் ‘திலாசா’ மையம், மாநகராட்சியும் ‘சேஹத்’ என்ற ஆய்வு அமைப்பும் இணைந்து தொடங்கியதாகும். பின்னர் அது நகரின் வேறு மருத்துவமனைகளுக்கும் விரிந்தது. அதன் பின்னிருந்த எண்ணம் எளியது. காவல் நிலையம் செல்லாத பெண்ணும் மருத்துவமனைக்கு வருவாள். படியில் வழுக்கி விழுந்தேன் என்பாள். அதே பெண் மூன்றாம் முறை படியில் வழுக்கி விழும்போது செவிலியருக்கு ஐயம் வர வேண்டும். நஞ்சு அருந்தி வந்தவளுக்கு வயிற்றைக் கழுவி அனுப்புவதோடு மருத்துவம் முடிந்துவிடக் கூடாது. 2015 முதல் நாடெங்கும் அமைந்துவரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் 181 என்ற தொலைபேசி உதவியும் இவ்வழியிலேயே செல்ல முற்படுகின்றன.

தடுப்பைப் பற்றிப் பேசும்போது எல்லாப் பழியையும் மதுவின்மேல் போடுவோர் உண்டு. அடிக்கடி குடித்து நிலைதவறும் கணவரின் மனைவியரிடையே வன்முறை ஏறக்குறைய மும்மடங்காக உள்ளது என்பது உண்மை. ஆனால் மதுவையே தொடாத கணவர்களின் வீடுகளிலும் ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மேல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறாள். நிலைதவறிய மனிதனும் காவல் ஆய்வாளரை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம் என்பதை அந்நிலையிலும் அறிந்தே இருக்கிறான். அவ்வறிவை அவனுக்குத் தந்தது எது? ஏதேனும் ஒரு காரணத்திற்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று ஐந்தாவது ஆய்வில் பெண்களுள் 45 விழுக்காட்டினரும் ஆண்களுள் 44 விழுக்காட்டினரும் கூறினர். தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் தாமும் அடிபடுவது மிகுதி என்பதையும் அதே ஆய்வுகள் காட்டுகின்றன.

தடுப்பிற்கு உறுதியான ஒரு வழியைக் காட்டும் ஆய்வு திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்தது. பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகியோர் 2005இல் வெளியிட்ட அவ்வாய்வில், நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெண்களுள் 49 விழுக்காட்டினர் நெடுநாள் உடல் வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். இரண்டும் உடைய பெண்களுள் 7 விழுக்காட்டினரே. போவதற்கு ஓர் இடம் உள்ளவளை அடிக்கத் தயங்குகிறார்கள். வாரிசுரிமையில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்களித்த இந்து வாரிசுரிமைத் திருத்தமும் அதே 2005 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 1989இலேயே மாநிலத் திருத்தத்தின் மூலம் மகள்களுக்கு அப்பங்கை வழங்கியிருந்தது. ஆகவே வீட்டுமனைப் பட்டாவையும் தொகுப்பு வீட்டையும் பெண் பெயரிலோ கூட்டாகவோ பதிவு செய்யும் வருவாய்த் துறை நண்பர், தாம் அறியாமலேயே குடும்ப வன்முறைத் தடுப்பிலும் பங்கு கொள்கிறார். விடுதலைப் பத்திரத்தில் சகோதரியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வரும் அண்ணன்மாரிடம், அவளைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்டபின் பதிவு செய்யலாமே என்று சார்பதிவாளர் நண்பர்களை வேண்டுகிறேன்.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. விதிகளில் முதலாம் படிவமாக உள்ள குடும்ப நிகழ்வு அறிக்கையின் நகல்களை உங்களுக்கு வழங்கியுள்ளோம். நாள், நேரம், இடம், இழைத்தவர் என்று அதில் பத்திகள் உள்ளன. ஆண் குழந்தை பெறாததற்காக இழிவுபடுத்துதல், உணவும் மருந்தும் மறுத்தல், வேலைக்குச் செல்லவிடாமல் தடுத்தல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே அச்சிடப்பட்டுள்ளது. ஒருவர் கூறுபவராகவும் ஒருவர் எழுதுபவராகவும் இருவர் இருவராக அமர்ந்து, அதை நிரப்பிப் பாருங்கள். கூறுபவர் தயங்கும் இடத்தில் எழுதுபவர் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். அவர் மீண்டும் தொடங்கும்வரை காத்திருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து, எந்தப் பத்தி நிரப்ப மிகக் கடினமாக இருந்தது என்பதைப் பற்றிப் பேசுவோம்.