நாமும் வரி கட்டுகிறோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களுக்காக நடந்த பயிற்சி உரை. பேசியது பேசியபடியே, கொஞ்சம் சுருக்கித் தரப்படுகிறது.)



இப்பதான் டீ குடிச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கோம். அந்த டீயில இருந்தே ஆரம்பிக்கலாம். பாலுக்கு வரி கிடையாது. டீத்தூளுக்கு நூற்றுக்கு 5 ரூபாய் வரி. சர்க்கரைக்கும் 5 ரூபாய். அடுப்பு எரிஞ்ச வீட்டு சிலிண்டருக்கும் 5 ரூபாய். டீ போட்ட அக்காவும் கவனிக்கல, குடிச்ச நாமும் கவனிக்கல. ஆனா அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பங்கு போய்ச் சேர்ந்தாச்சு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம்னு வந்தது. 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை தொடங்கினாங்க. அப்ப நம்ம காதுபட ஒரு பேச்சு பேசினாங்க. "நாங்க கட்டுற வரியில இவங்க சும்மா வாங்கிச் சாப்பிடறாங்க" என்று. அதைக் கேட்டு நம்மில் பல பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். தலை குனிய வேண்டிய விஷயமா இது என்று கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் இன்றைய பேச்சு.

வரி இரண்டு வழியில் வருகிறது. சம்பாதிக்கும்போதே ஒரு பங்கை எடுத்துக்கொள்வது ஒரு வழி. இது வருமான வரி. சம்பாதித்ததை செலவு செய்யும்போது பொருளின் விலையோடு சேர்த்து வாங்கிக்கொள்வது இன்னொரு வழி. 2017 ஜூலை 1 முதல் நாம் ஜி.எஸ்.டி. என்று சொல்வது இந்த இரண்டாவது வகை. பெட்ரோல், டீசல், மது மூன்றும் ஜி.எஸ்.டி.யில் சேராது. ஆனால் அவற்றுக்கும் தனியாக வரி உண்டு. வாங்குகிறவர்தான் கட்டுகிறார்.

வருமான வரி நம் நாட்டுக்கு வந்தது 1860-ல். அதற்கு மூன்று வருஷம் முன்னால் 1857-ல் பெரிய கிளர்ச்சி நடந்தது. அதை அடக்கிய செலவில் வெள்ளைக்காரன் கஜானா காலியாகிவிட்டது. ஜேம்ஸ் வில்சன் என்ற அதிகாரி இந்த வரியைக் கொண்டு வந்தார். ஆனால் அதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே ஏழை ஜனங்கள் உப்புக்கு வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். உப்பு வரி என்பது செலவின் மேல் போடும் வரி. ஜமீன்தார் வீட்டிலும் உப்பு, கூலிக்காரர் வீட்டிலும் உப்பு. பணக்காரர் என்பதற்காக யாரும் பத்து மடங்கு உப்பு தின்ன முடியாது. வெயிலில் வேர்வை சிந்துகிறவருக்குத்தான் உப்பு கூடுதலாகத் தேவை. அதனால்தான் 1930-ல் காந்தியடிகள் உப்பை எடுத்துப் போராடினார். நம்ம பக்கம் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போனார்கள். இன்றைக்கு உப்புக்கு வரி இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இது புரிவதற்காக நானே போட்ட கணக்கு. எந்த வீட்டையும் பார்த்துச் சொல்லவில்லை.

செல்வி அக்கா குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரமும் செலவாகிவிடுகிறது. காய்கறி, பால், சில்லறையாக வாங்கும் அரிசி இதற்கெல்லாம் வரி இல்லை. எண்ணெய், சோப்பு, பிஸ்கட், துணிமணி, செல்போன் ரீசார்ஜ் இவற்றில் வரி இருக்கிறது. எல்லாம் சேர்த்து மாதம் 400 ரூபாய் வரியாகப் போகிறது என்றால், வருமானத்தில் நூற்றுக்கு 4 ரூபாய்.

இன்னொரு குடும்பத்துக்கு மாதம் 2 லட்சம் சம்பளம். அவர்கள் செலவு 80,000. விலை கூடிய பொருள்கள் வாங்குகிறார்கள், 5,000 ரூபாய் வரி போகிறது. 5,000 எங்கே, நம்ம 400 எங்கே என்று தோன்றும். ஆனால் அவர்கள் வருமானத்தில் அது நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான். மிச்சம் 1,20,000 ரூபாய் பேங்கிலோ நிலத்திலோ நகைச் சீட்டிலோ போகிறது. செலவு வரி என்பது மட்டும் இருந்தால், செல்வி அக்கா நூற்றுக்கு 4, அவர்கள் நூற்றுக்கு இரண்டரை. இல்லாதவர் கூடுதலாகக் கட்டுகிறார்.

அங்கேதான் வருமான வரி வந்து தராசைச் சரி செய்கிறது. அந்த 2 லட்சம் சம்பளக்காரர் 2025-26 கணக்கு ஆண்டில் புதிய முறைப்படி கட்ட வேண்டிய வருமான வரி, மாதத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் வரும். அது சின்னத் தொகை இல்லை. அவர்கள் கட்டுவதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. அதே சமயம், அதே ஆண்டில் வருஷத்துக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வருமான வரியே இல்லை என்று ஆக்கினார்கள். சம்பளக்காரர் என்றால் பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை. அதாவது மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கிறவரும் வருமான வரி கட்டவில்லை, நாமும் கட்டவில்லை. இரண்டு பேரும் கட்டுவது சோப்பிலும் எண்ணெயிலும்தான். "நீங்க வரி கட்டுறீங்களா?" என்று கேட்கிறவர்களில் எத்தனை பேர் இந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். (சிரிப்பு)

அப்படியானால் எல்லா வரியையும் வருமானத்தின் மேலேயே போட்டுவிடலாமே என்று ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. சிக்கல் என்னவென்றால், சம்பளக்காரர் வருமானம் பேங்க் வழியாகத் தெரியும். ரொக்கமாக வியாபாரம் செய்கிறவர் வருமானம் வெளியே தெரியாது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது, அது எத்தனை ஏக்கர் என்றாலும். ஆனால் வருமானத்தை மறைக்கிறவர்கூட கார் வாங்கும்போது, சிமெண்ட் வாங்கும்போது வரி கட்டியே ஆக வேண்டும். செலவின் மேல் வரி போடுவதில் இப்படி ஒரு நியாயமும் இருக்கிறது.

இதை இன்னும் கொஞ்சம் தூரம் யோசித்தவர் ஒருவர் உண்டு. நிக்கோலஸ் கால்டார் என்று இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர். 1956-ல் இந்தியாவுக்கு வந்து நம் வரி முறையைப் பார்த்தார். பொதுப் பானையில் ஒருவர் எவ்வளவு ஊற்றுகிறார் என்று பார்க்காதே, எவ்வளவு மொண்டு எடுக்கிறார் என்று பார் என்பது மாதிரி அவர் யோசனை. சம்பாதித்துச் சேமிப்பவர் பணம் நாலு பேர் தொழிலுக்குப் பயன்படும், ஆடம்பரமாகச் செலவழிப்பவர் தனக்கே எடுத்துக்கொள்கிறார், ஆகவே பெரிய பணக்காரர்களின் வருஷச் செலவைக் கணக்குக் கேட்டு அதன் மேல் வரி போடலாம் என்றார். கடையில் பொருளின் மேல் போடுவது அல்ல இது. ஆளின் மொத்தச் செலவின் மேல் போடுவது. நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியாக இருந்தபோது 1957-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் மிகக் கொஞ்சம் பேர்தான் கட்டினார்கள், வசூலும் சொற்பம். 1962-ல் எடுத்தார்கள், 1964-ல் திரும்ப வைத்தார்கள், 1966-ல் மறுபடி எடுத்துவிட்டார்கள். பணக்காரர் வீட்டுச் செலவை உள்ளே போய் எண்ணுவது அவ்வளவு லேசு இல்லை. நம்ம வீட்டுச் செலவு என்றால் கடைக்காரரே எண்ணிவிடுவார்!

எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. முன்பு சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம் வரி இருந்தது. குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, இதுக்கு மட்டும் ஏன் வரி என்று நாடு முழுக்கப் பெண்கள் கேட்டார்கள். 2018 ஜூலையில் எடுத்தார்கள். தலைக்கு வைக்கிற எண்ணெய், சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக இறங்கியது 2025 செப்டம்பர் 22-ல். தையல் மெஷின் 12-ல் இருந்து 5. கேட்டால் குறையும், கேட்காவிட்டால் அப்படியே இருக்கும். வரி குறைந்த பிறகு கடையில் விலை குறைந்ததா என்று பார்ப்பதும் நம்ம வேலைதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலை என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழேயே "அனைத்து வரிகளும் உட்பட" என்று இருக்கும். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று சொல்லி யாரும் கூட வாங்கக் கூடாது. அரிசியில் இன்னொரு விஷயம். கம்பெனி பேர் போட்டு 25 கிலோ வரை பாக்கெட் செய்த அரிசிக்கு 5 சதவீதம் வரி. அதே அரிசியை மூட்டையில் இருந்து அளந்து வாங்கினால் வரி இல்லை.

குழுவாக ஊறுகாய், மசாலாப் பொடி, மெழுகுவர்த்தி செய்கிறவர்களும் கவனிக்கணும். நம் மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்றால், வருஷத்துக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை. அதனால் நமக்கு வரியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டில், எண்ணெய், லேபிள் வாங்கும்போது வரி கொடுத்துத்தான் வாங்குகிறோம். பெரிய கம்பெனி இப்படிக் கொடுத்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். பதிவு இல்லாத நாம் கழிக்க முடியாது. ஆகவே விலை போடும்போது அந்தப் பணத்தையும் அடக்க விலையில் சேர்க்கணும். பல குழு லாபக் கணக்கு இடிப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து, பணத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் வருவோம்.

மக்கள் நிலை ஆய்வு செய்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் போய் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை, பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. ஒரு வாரம் வேலை இருக்கும், ஒரு வாரம் இருக்காது. அதனால் அரசாங்கமே நம் நாட்டில் குடும்பங்களின் நிலையை வருமானத்தை வைத்து அளப்பதைவிடச் செலவை வைத்துத்தான் பெரும்பாலும் அளக்கிறது. 2022-23-ல் எடுத்த கணக்குப்படி நம் நாட்டுக் கிராமங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 5,310 ரூபாய். நாட்டுக் கிராமக் கணக்கில் நூற்றுக்கு 46 ரூபாய் சாப்பாட்டுக்கே போகிறது.

ஆனால் செலவு கூடினால் தரம் கூடியது என்று அர்த்தமா? மாரியக்கா வீட்டில் போன மாசம் 30,000 ரூபாய் செலவு. மாமியாருக்கு ஆபரேஷன். பணம் வாரத் தவணை கொடுக்கும் கம்பெனியில் வாங்கியது. காகிதத்தில் பார்த்தால் அந்த மாசம் மாரியக்கா ஊரிலேயே வசதியான குடும்பம்! நிஜத்தில் அவங்க படியிறங்கி இருக்காங்க. கடன் வாங்கிச் செய்கிற கல்யாணச் சாப்பாடும் அப்படித்தான். அதில் போட்ட வரியும் கடனில்தான் கட்டப்படுகிறது.

மறுபக்கம் பாருங்கள். வீட்டு மாட்டுப் பால் பிள்ளை குடிக்கிறது. கொல்லையில் முருங்கை, கத்திரி. ஒரு பைசா கைமாறவில்லை, வருமானமும் இல்லை செலவும் இல்லை வரியும் இல்லை. ஆனால் பிள்ளைக்குச் சத்து கிடைக்கிறது. நீங்க விடிகாலை எழுந்து தண்ணி பிடிக்கிறது, சமைக்கிறது, பெரியவங்களைப் பார்த்துக்கிறது எதுவும் எந்தக் கணக்கிலும் வராது. ஒரு நாள் நீங்க படுத்துட்டா அதன் மதிப்பு வீட்டுக்குத் தெரியும்.

ஒரே மாதிரி 12,000 ரூபாய் வருகிற இரண்டு வீட்டை எடுத்துக்குங்க. ஒரு ஊரில் குழாயில் நல்ல தண்ணி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், ரேஷனில் அரிசி, நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். இன்னொரு ஊரில் கேன் தண்ணி விலைக்கு, வைத்தியம் தனியாரில், பள்ளிக்கு வேன் கட்டணம். பணம் ஒண்ணு, வாழ்க்கை ஒண்ணா? முதல் ஊரில் கிடைப்பதெல்லாம் இலவசம் இல்லை. சோப்பு வாங்கும்போதும் ரீசார்ஜ் பண்ணும்போதும் நாம் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்களே என்னை விடமாட்டீங்க. மதுக்கடை. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வரி 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதுவும் செலவின் மேல் போடும் வரிதான். கெட்ட பழக்கத்துக்கு வரி போட்டால் குறையும் என்பது சொல்கிற காரணம். குடிக்கிறவர் குறைக்கிறதில்லை, வீட்டுக்குக் கொடுக்கிற பணத்தைக் குறைக்கிறார். பாட்டிலை வாங்குவது அவர், வரி போவது நம்ம அடுப்பில் இருந்து. இந்த வரியை நல்ல வரி என்று என்னால் சொல்ல முடியாது. உரிமைத்தொகையைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லணும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் ஒரு மாசத்து மளிகை பில்லை எடுத்துட்டு வாங்க. பில் கொடுக்காத கடையில் கேட்டு வாங்குங்க. படிக்கத் தெரிஞ்ச உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்து, வரி என்று போட்டிருப்பதை மட்டும் கூட்டிப் பாருங்க. குழுவில் எல்லாருடையதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதுங்க. அக்டோபர் 2 கிராம சபையில் தண்ணித் தொட்டியைப் பற்றிக் கேட்கும்போது அந்தத் தாளும் கையில் இருக்கட்டும்.

கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க. பின்னாடி உட்கார்ந்திருக்கிற பாட்டி ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு இருக்காங்க, முதல்ல அவங்க பேசட்டும்.