புரொப்ஷாப்டைக் கழற்றுமுன் டயருக்குக் கட்டை வையுங்கள்
(தோட்டச் சாரதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை பெறப் போகும் தாயை லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்குவது சில தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்தான். அதனாலேயே பெண்களையும் அழைத்தோம்.

கியர் பொக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்தான் புரொப்ஷாப்ட். வண்டி எடுக்கும்போது 'டங்' என்று அடிக்கிறதா? மெதுவாகப் போகையில் குருவி கத்துகிற மாதிரி சத்தமா? ஜொயின்ட் கப்பைச் சுற்றிச் சிவப்புத் துருப்பொடி நிற்கிறதா? கிரீஸ் வறண்டுவிட்டது. ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஷாப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஜொயின்டில் ஆட்டம் இருந்தால் மாற்றத்தான் வேணும். கிரீஸ் அடித்துச் சமாளிப்போம் என்பது ஏமாற்று வேலை.

ஆனால் கீழே படுக்குமுன் ஒன்று சொல்கிறோம். 1948 முதல் 1985 வரை வந்த அந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டயரைப் பிடிப்பதில்லை; பின் புரொப்ஷாப்டின் முன் நுனியைத்தான் பிடிக்கிறது. அந்த ஷாப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் போச்சு. முன் அச்சைச் சேர்க்காவிட்டால் கியரும் பிடிக்காது. நம்ம ரோட்டுச் சரிவில் வண்டி ஆள் மேலே ஏறிவிடும். சமதரையில் நிறுத்தி, நாலு டயருக்கும் இருபுறமும் கட்டை வையுங்கள்.

கழற்றுமுன் இரண்டு முனைப் பிளேஞ்சிலும் பெயின்டால் கோடு போடுங்கள். முனைக்கு நாலு போல்ட், பெரும்பாலும் 9/16 சாவி. பூட்டும்போது கோடும் கோடும் சேர வேணும். நடுவில் நழுவும் ஸ்பிளைனைப் பிரித்திருந்தால் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் நிற்கட்டும். இல்லையென்றால் புது ஜொயின்டும் உதறும். நட்டுகளைப் புதிதாகப் போட்டு, நிப்பிளில் கிரீஸ் அடித்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.