பிராங்கிளின் குடும்பத்து வம்சாவளி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். வள்ளுவரும் கம்பரும் இருக்கத் தமிழ்ச் சங்க மேடையில் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வம்சாவளி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பாட்டனார் பெயரை நம் குழந்தைகள் அறிவார்கள்; பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் நம்மிலேயே பலர் விழிக்கிறோம். நம்மைப் போலவே ஊரை விட்டுச் சென்ற ஒரு குடும்பம் தன் வேரைத் தேடியபோது எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்று எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும் எனக் கருதினேன். அந்தக் குடும்பம் பெஞ்சமின் பிராங்கிளினுடைய குடும்பம்.

அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, இடிதாங்கியைக் கண்டுபிடித்து, 1776ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெரியவர் அவர். அவருடைய தந்தையார் ஜோசையா இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த எக்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சாயத் தொழில் கற்றவர். அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போகாதவர்கள் தனியே கூடி வழிபடுவதை அக்காலத்துச் சட்டம் தடுத்தது. ஆகவே அவர் 1683ஆம் ஆண்டில் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறிப் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். புதிய ஊரில் துணிக்குச் சாயம் தோய்ப்பார் இல்லை. கற்ற தொழிலைக் கைவிட்டு, மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். இரு மனைவியர் வழியாக அவருக்குப் பிறந்த மக்கள் பதினேழு பேர். அவர்களுள் ஆண்மக்களில் கடைக்குட்டி நம் பெஞ்சமின்.

தந்தை ஊரை விட்டு எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 1758ஆம் ஆண்டில், அரசியல் காரியமாக லண்டனில் தங்கியிருந்த பிராங்கிளின் தம் மகன் வில்லியத்துடன் எக்டனுக்குச் சென்றார். முன்னோரைத் தேடுவோர் எந்த வழியைக் கையாள வேண்டும் என்பதற்கு அந்தப் பயணமே ஒரு பாடம்.

முதலில் அவர் உயிரோடிருக்கும் முதியவர்களைத் தேடினார். வெலிங்பரோ என்னும் ஊரில் பெரியப்பாவின் ஒரே மகள் மேரி தள்ளாத வயதில் இருந்தார். ஜோசையாவின் குடும்பம் குழந்தைகளோடு புறப்பட்டுப் போனது அந்த மூதாட்டியின் நினைவில் இருந்தது. சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்த நினைவு கிடைத்திராது. அடுத்து எக்டன் கோயிலின் பதிவேட்டைப் பார்த்தார். கங்கைக் கரையில் பண்டாக்கள் குடும்ப ஏடுகளைக் காத்து வருவதை நம்மில் சிலர் கண்டிருப்போம். இங்கிலாந்தில் அந்தப் பணியைக் கோயிற் பதிவேடுகள் செய்தன: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் அவற்றில் இடம் பெறும். எக்டன் பதிவேடு 1555ஆம் ஆண்டிலிருந்து இருந்தது. அதைப் புரட்டிய பிராங்கிளின், ஐந்து தலைமுறைகளாகத் தாம் கடைசி மகனுக்குக் கடைசி மகனாக வந்தவர் என்று கண்டார்.

இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. அக்குடும்பத்துக்குச் சுமார் முப்பது ஏக்கர் சொந்த நிலமும் ஒரு கொல்லுப்பட்டறையும் இருந்தன. முந்நூறு ஆண்டுகளாக மூத்த மகன் கொல்லுத் தொழிலுக்குப் பழக்கப்பட்டான். இளையவனோ வேறு தொழிலைத் தேடிக்கொள்ள வேண்டும். இளையவனான ஜோசையா ஏன் சாயக்காரர் ஆனார் என்னும் கேள்விக்கு விடை இந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. மூத்தவர் காத்த நிலமாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. மூதாட்டி மேரியும் அவர் கணவரும் அதை விற்றுவிட்டனர். முந்நூறு ஆண்டு நிலம் ஒரே கையெழுத்தில் கைமாறியது. ஊர் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

முன்னோரைத் தேடுவோர் தேதியிலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பிராங்கிளின் பிறந்த நாள் பழைய கணக்கில் 1705 ஜனவரி 6; இன்று நாம் சொல்வது 1706 ஜனவரி 17. அக்காலத்து ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச்சு 25ஆம் நாளில் பிறந்தது. 1752ஆம் ஆண்டு முதல் அது ஜனவரியில் தொடங்கிற்று. அதே ஆண்டில் நாட்காட்டியிலிருந்து பதினொரு நாட்களும் நீக்கப்பட்டன. இதை அறியாதவர் ஒருவரையே இருவராக எண்ணி மயங்குவார். தேதியைப் பற்றி இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. மேரியின் தந்தையான பெரியப்பா தாமஸ் கூர்த்த மதியினர். கொல்லுத் தொழில் கற்றும் எழுத்தறிவால் உயர்ந்து, ஊரார் எல்லாருக்கும் யோசனை சொன்னவர். பெஞ்சமின் பிறப்பதற்குச் சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன், அதே ஜனவரி 6ஆம் நாளில் அவர் காலமானார். இருவருடைய குணமும் ஒத்திருந்ததைக் கேட்ட வில்லியம், இறந்ததும் பிறந்ததும் ஒரே நாளாயிருந்தால் மறுபிறப்பு என்றே கொண்டிருப்பார்கள் என்றானாம். நம் வீட்டுப் பாட்டிமார் நான்கு ஆண்டு இடைவெளியைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்!

பதிவேட்டுக்குப்பின் இடுகாட்டுக்குச் சென்றார்கள். அன்பர்களே, இந்த இடத்தை நீங்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். குருவின் மனைவியார் பிராங்கிளின் முன்னோருடைய கல்லறைகளைக் காட்டினார். கற்களில் பாசி படர்ந்து எழுத்துக்கள் மறைந்திருந்தன. அந்த அம்மையார் முரட்டுத் தூரிகையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொண்டுவரச் செய்தார். பீட்டர் என்பவன் கற்களைத் தேய்த்துக் கழுவினான். தெளிந்த எழுத்துக்களை வில்லியம் பார்த்து எழுதிக்கொண்டான். பிராங்கிளின் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இவ்வளவும் இருக்கிறது.

யார் இந்தப் பீட்டர்? பிராங்கிளின் அமெரிக்காவிலிருந்து உடன் அழைத்து வந்த கறுப்பினத்து அடிமை. தன்னை உடைமையாகக் கொண்டவருடைய பாட்டன் பூட்டன் பெயர்களை அவன் பாசியிலிருந்து மீட்டுக் கொடுத்தான். அவனுடைய பாட்டன் பெயரைத் தாங்கிய கல் அந்த ஊரில் இல்லை. எந்த ஊரிலும் இருந்ததா என்று சொல்வாரும் இல்லை. குடும்பப் பெயர்கூட இல்லாமல் வெறும் பீட்டராகவே அவன் அக்கடிதத்தில் நிற்கிறான். பிற்காலத்தில் பிராங்கிளின் மனம் மாறினார்; அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசுக்கு விண்ணப்பமும் அனுப்பினார். ஆயினும் பீட்டரின் வம்சாவளி எழுதப்படவே இல்லை. ஒரு குலத்தின் பெருமையைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் கல்லைத் தேய்த்த கை யாருடையது என்று கேட்பது நம் கடமையாகும்.

பயணத்தின் பயன் 1771ஆம் ஆண்டில் எழுத்தாயிற்று. அவ்வாண்டில் பிராங்கிளின் தம் வரலாற்றை மகனுக்குச் சொல்வதுபோல் எழுதத் தொடங்கினார். மேரி அரசியின் காலத்தில் அக்குடும்பத்தார் ஆங்கில விவிலியத்தை ஒரு முக்காலியின் அடியில் கட்டி மறைத்து வைத்தார்கள் என்றும், அதைப் படிக்கும்போது ஒரு குழந்தை வாசலில் நின்று அதிகாரிகள் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளும் என்றும் அதில் கூறுகிறார். எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறாத செய்தி இது. வீட்டாரின் வாய்மொழியாக மட்டுமே இரு நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது.

ஆனால் அந்தத் தந்தையும் மகனும் விரைவில் பிரிந்தார்கள். வில்லியம் நியூ ஜெர்சி மாகாணத்தில் ஆங்கில அரசரின் ஆளுநராக இருந்தவர். விடுதலைப் போரில் அரசர் பக்கமே நின்றார். பிராங்கிளின் தம் உயிலில் அவருக்கு ஏறக்குறைய ஒன்றும் வைக்கவில்லை. அந்த வில்லியத்தைப் பெற்ற தாய் யார் என்பதும் இன்றுவரை தெரியாது. ஐந்து தலைமுறைத் தந்தையரைத் தேடிச் சென்ற குடும்பத்தில், உடன் சென்ற மகனுடைய அன்னையின் பெயருக்கு ஏடு வெறுமையாக இருக்கிறது.

பெஞ்சமினுக்கு ஜேன் என்றொரு கடைசித் தங்கை இருந்தாள். 1712ஆம் ஆண்டில் பிறந்தவள். அக்காலத்துப் பெண்மக்களுக்குப் படிக்கக் கற்பிப்பார்கள். எழுதக் கற்பிப்பது அரிது. பதினைந்தாம் வயதில் சேணம் தைக்கும் எட்வர்ட் மீக்கம் என்பவருக்கு அவளை மணம் முடித்தார்கள். வறுமையும் கடனும் அந்த இல்லத்தை விட்டு அகலவில்லை. அவள் சில தாள்களை மடித்துத் தன் கையாலேயே தைத்து ஒரு சிறு ஏடு செய்தாள். அதற்கு வயதுகளின் புத்தகம் என்று பொருள்படும் பெயரிட்டாள். தன் பிறப்பையும் மணத்தையும் எழுதி, மக்கள் பிறந்த நாட்களை ஒவ்வொன்றாக எழுதினாள். பின்பு அதே கையால் அவர்கள் இறந்த நாட்களையும் எழுத நேர்ந்தது. பெற்ற மக்கள் பன்னிருவர். அவர்களில் பதினொருவரை அவள் உயிரோடிருந்தே இழந்தாள். எழுத்துப் பிழைகள் மலிந்த அந்தச் சில பக்கங்களில் புலம்பல் அதிகம் இல்லை. நாளும் பெயருமே பெரும்பகுதி. படிப்பவர் நெஞ்சுதான் கனக்கிறது.

அண்ணன் தன் வரலாற்றில் இந்தத் தங்கையைக் குறிப்பிடவில்லை. ஆயினும் வேறு எவருக்கும் எழுதாத அளவு கடிதங்களை அவளுக்கு எழுதினார். உயிலில் அவள் குடியிருக்க வீடும் வைத்தார். ஜேன் 1794ஆம் ஆண்டில் மறைந்தாள். அவள் தைத்த ஏட்டை இன்று பாஸ்டனில், 1845ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் போற்றிக் காக்கிறது. வரலாற்று அறிஞர் ஜில் லெபோர் அதே பெயரில் 2013ஆம் ஆண்டில் ஜேனின் சரிதத்தை வெளியிட்டார்.

பெற்றோருக்குப் பிராங்கிளின் எழுப்பிய சலவைக்கல் பாஸ்டன் இடுகாட்டில் சிதைந்துபோயிற்று. 1827ஆம் ஆண்டில் நகர மக்கள் வேறு தூண் எழுப்ப வேண்டியதாயிற்று. தங்கை தைத்த காகித ஏடு அழியவில்லை. குலத்தின் தொடர்ச்சியும் இப்படித்தான் ஆயிற்று. பிராங்கிளினுடைய இளைய மகன் பிரான்சிஸ் நான்கு வயதில் அம்மையால் இறந்தான். இன்று அவர் வழியினர் என்று மதிக்கப்படுவோர் மகள் சாராவின் மக்கள் வழி வந்தவர்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்துக்கு 1863ஆம் ஆண்டில் முதல் தலைவரான அலெக்சாண்டர் டல்லஸ் பேச், அந்த மகளின் பேரன். ஆண்வழியை மட்டும் எழுதும் வம்சாவளியில் அவருக்கு இடமே இராது.

அன்பர்களே, இக்காலத்தில் பதிவேடுகளைக் கணிப்பொறியில் தேடலாம். இரத்தச் சோதனைபோல மரபணுச் சோதனையாலும் உறவை அறியலாம். ஆனால் வாசலில் காவல் நின்ற குழந்தையின் கதையை எந்தச் சோதனையும் சொல்லாது. ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். விழா முடிந்து வீடு சென்றதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். பிறந்த ஊர், விட்டு வந்த ஆண்டு, வந்த காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். பாட்டியின் பெயரையும், அவர் தாயின் பெயரையும், அவர் பிறந்த வீட்டையும் மறவாது எழுதுங்கள். நம் பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்து தந்தையை மட்டுமே நினைவூட்டுகிறது. மற்றவர்களை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். குடும்பத்துக்கு உழைத்து, உறவு என்று சொல்லப்படாமல் போனவர்களின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

கையெழுத்து அழகாக இல்லையே, பிழை வருமே என்று தயங்காதீர்கள். ஜேன் எழுதியதும் பிழையோடுதான்.